கடல் எந்தப் பக்கம் வரும்?



மாத்தளை மாவட்டத்துப் பல்லேபொலவிலிருந்து ஓர் ஆசிரியை எழுதியிருக்கிறார். அவர் வகுப்பில் ஏழாம், எட்டாம் தரத்துப் பிள்ளைகள். பாதிப் பேர் கடலைக் கண்டதில்லை. தொலைக்காட்சியில் கண்டிருக்கிறார்கள், அண்ணன்மாரின் போனில் கண்டிருக்கிறார்கள், நேரில் இல்லை. பெற்றோர் சம்மதித்துவிட்டார்கள், அதிபரும் தலையாட்டிவிட்டார், பஸ்ஸும் பேசியாகிவிட்டது. "எந்தப் பாதையால் கூட்டிக்கொண்டு போனால் பிள்ளைகள் கடலை வடிவாகப் பார்ப்பார்கள்? அன்றைக்கே திரும்பவும் வேண்டும். நீங்கள் ஊர் ஊராகத் திரிகிறவர், சொல்லுங்கள்" என்று கேட்கிறார்.

எந்தக் கரைக்கு என்று கேட்கவில்லை, எந்தப் பாதையால் என்று கேட்கிறார். அதற்காகவே இந்த மாதப் பக்கம் முழுவதையும் அவருக்குக் கொடுத்துவிட்டேன். கரையில் போய் இறங்கினால் காலை நனைக்கலாம், படம் பிடிக்கலாம், கச்சான் தின்னலாம். ஆனால் பஸ் ஒரு வளைவில் திரும்ப, மரங்களுக்கு நடுவே நீலமாக ஒரு கோடு தெரிய, பின் இருக்கையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி நின்று கத்துகிறதே, அந்தச் சந்தோசம் பாதையில் மட்டும்தான் கிடைக்கும். கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவே கிடைக்காது, பாவங்கள்.

பல்லேபொலக்காரருக்குக் கடல் எந்தத் திசையிலும் தொலைவு. பக்கத்து நாவுலையில், ஏ9 பாதையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிற நாலந்தா கெடிகேயைத்தான் இலங்கைத் தீவின் நடுப்புள்ளி என்று சொல்வது வழக்கம். பல்லவர் கோயில்களின் சாயலில் எழுப்பிய பௌத்தக் கற்கோயில் அது. போவத்தென்ன நீர்த்தேக்கம் வந்தபோது மூழ்கிவிடும் என்று கல் கல்லாகப் பிரித்தெடுத்து மேட்டில் திரும்பவும் அடுக்கிவைத்தார்கள். பிள்ளைகளைக் கடலுக்குக் கூட்டிப்போகிற வழியில் அங்கே ஐந்து நிமிடம் நிறுத்தலாம். தீவின் நடுவிலிருந்து புறப்பட்டு ஓரத்துக்குப் போகிறோம் என்று சொன்னால் புவியியல் பாடம் அரைவாசி முடிந்தது. மிளகுக்கொடியும் தென்னையும் கொக்கோவும் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, இதுவரை கடல் என்றால் சந்தையில் வாங்குகிற நெத்தலிக் கருவாடும் உப்புப் பைக்கற்றும்தான்.

சரி, ஆசிரியைக்குப் பதில். திருகோணமலைக்குப் போங்கள். மே மாதத்துக்கும் செப்டெம்பருக்கும் இடையில் போங்கள். அந்த மாதங்களில் தென்மேல் பருவக்காற்று மேற்கையும் தெற்கையும் அடித்துக் கலக்கிக்கொண்டிருக்கும். காலியிலும் கொழும்பிலும் கடல் மண்ணிறமாகக் குமுறும். கிழக்குக் கரையில் அப்போது நீர் தெளிந்து, ஐந்தடி ஆழத்தில் கிடக்கிற சிப்பியும் தெரிகிற மாதிரி இருக்கும். ஒக்டோபர் பிறந்து வாடைக்காற்று தொடங்கினால் எல்லாம் தலைகீழ். டிசெம்பர் விடுமுறைக்குத் திருகோணமலை என்று திட்டம் போடுகிற பாடசாலைகள் வருடம் தவறாமல் மழையில் நனைந்து திரும்புகின்றன.

ஏ9இல் ஏறித் தம்புள்ளை, அங்கிருந்து ஏ6இல் ஹபரணை, கந்தளாய், திருகோணமலை. தம்புள்ளையிலிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. விடியற்காலை வெளிக்கிட்டால் பத்து மணிக்குள் கடல். ஹபரணைக்கு அப்பால் காடு. யானை தென்பட்டால் சாரதியை நிற்பாட்டச் சொல்லாதீர்கள், அவருக்குத் தெரியும் எங்கே நிற்கலாம் என்று. கந்தளாயில் மட்டும் நிற்கச் சொல்லுங்கள். குளக்கட்டில் ஏறியதும் பத்துப் பிள்ளைகள் "கடல்! கடல்!" என்று கத்தும். கத்தட்டும். அவ்வளவு பெரிய நீரை அதற்குமுன் கண்டிராத கண் வேறெப்படிச் சொல்லும்? பிறகு மெதுவாக அக்கரையைக் காட்டுங்கள். இதே குளக்கட்டு 1986 ஏப்ரலில் ஓரிடத்தில் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது, அதையும் சொல்லுங்கள். நீரை வெறும் அழகாக மட்டும் பார்த்துப் பழகக்கூடாது.

திருகோணமலைக்குள் நுழையும்போது முதலில் தென்படுவது உள்துறைமுகம். அசையாத நீர், சுற்றிவர மேடுகள், நடுவே கப்பல்கள். பிள்ளைகளுக்கு ஏமாற்றமாக இருக்கும்: "இவ்வளவுதானா? அலை எங்கே?" உலகத்துக் கடற்படைகளெல்லாம் ஆசைப்பட்டது இந்த அலையில்லாத நீருக்குத்தான். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று ஆளுக்காள் அடித்துப் பிடித்தார்கள். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டன. இந்த விபரத்தைப் பையன்கள் கேட்பார்கள், பெண்பிள்ளைகள் அலை எங்கே என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பார்கள். (எங்கள் வீட்டுக் கணக்கு இது, உங்கள் வகுப்பில் மாறியும் இருக்கலாம்.)

பஸ்ஸைக் கோட்டை வாசலில் விட்டுவிட்டு நடக்கவையுங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற அந்தச் சிறு வீதிதான், என்னைக் கேட்டால், இலங்கையில் கடலை முதன்முதலாகக் காட்டத் தகுந்த பாதை. வாசலைத் தாண்டியதும் புள்ளிமான்கள். யாருக்கும் பயப்படாமல் பிள்ளைகளின் கையிலிருக்கிற பையை முகரும். சோற்றுப்பார்சலைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வீதி ஏற ஏற இரண்டு பக்கமும் மரங்களுக்குள்ளால் நீலம் துண்டு துண்டாகத் தெரியும். இங்கே ஒரு விசித்திரம் கவனியுங்கள். நாம் மேலே ஏறும்போது கடல் கீழே போகவேண்டும் அல்லவா? போகாது. அதுவும் நம்மோடு ஏறும். கடலின் விளிம்பு எப்போதும் பார்ப்பவரின் கண் மட்டத்தில்தான் நிற்கும். எவ்வளவு உயரம் போனாலும் அப்படித்தான் தெரியும். அதனால்தான் மேட்டிலிருந்து முதன்முறை பார்க்கிற பிள்ளைக்குக் கடல் தட்டையாகத் தெரியாமல், எழுந்து நிற்கிற நீலச் சுவராகத் தெரிகிறது. தூரத்துத் தோணி அந்தச் சுவரில் பாதி உயரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். "தோணி ஏன் டீச்சர் வானத்தில நிக்குது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் அதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள்.

கணிதம் படிப்பிக்கிறவர் கூட வந்தால் இன்னும் நல்லது. கரையில் நிற்கிற ஒரு பிள்ளையின் கண்ணுக்கு எட்டுகிற கடல் சுமார் 4 கிலோமீட்டர்தான். அதற்கப்பால் பூமி வளைந்து கடல் மறைந்துவிடுகிறது. கோயில் நிற்கிற சுவாமிமலை உச்சியில், நூறு மீற்றர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அதே பிள்ளை சுமார் 35 கிலோமீட்டர் தூரத்துக்குப் பார்க்கிறது. உயரத்தை மீற்றரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, மூன்றரையால் பெருக்கினால் ஏறத்தாழ விடை வரும். பயிற்சிக் கொப்பியில் செய்கிற கணக்கு கண்ணுக்கு முன்னால் விரிந்து கிடக்கிற நாள் பள்ளி வாழ்க்கையில் எத்தனை தடவை வரும்?

உச்சியில் கோயில். பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கல்லையே கோட்டைக்கு இட்டார்கள். மிச்சம் கடலுக்குள் விழுந்தது. 1956இல் மைக் வில்சன் என்பவர் அந்தப் பாறையடியில் சுழியோடிப் பழைய கோயிலின் தூண்களையும் ஒரு லிங்கத்தையும் கண்டார். அவருடைய கூட்டாளி ஆர்தர் சி. கிளார்க் அதை ஒரு புத்தகத்தில் எழுதியும் வைத்தார். அதே கிளார்க்தான், விண்வெளிக் கதைகள் எழுதியவர், பிறகு இலங்கையிலேயே குடியிருந்துவிட்டார். கோயில் மதிலருகே நின்று கீழே பார்த்தால் பாறை நேர்க்குத்தாக இறங்குவது தெரியும். அடியில் நீர் கறுநீலம், கொஞ்சம் தள்ளி மயில் நீலம், டச்சு விரிகுடாப் பக்கம் மணல் தெரிகிற இளம்பச்சை.

கடல் ஏன் நீலம் என்று யாராவது கேட்காமல் விடமாட்டார்கள். "வானத்தின் நிழல்" என்று நாங்கள் எல்லாரும் படித்தோம். திருச்சிக்குப் பக்கத்தில் பிறந்த சி.வி. இராமனுக்கு அந்த விளக்கம் போதவில்லை. 1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கையில் ஒரு சின்னப் பட்டகம். நீர்மேல் பட்டுத் தெறிக்கிற வானத்து ஒளியை அந்தப் பட்டகத்தால் வெட்டிவிட்டுப் பார்த்தார். நீலம் குறையவில்லை, கூடிப்போனது. அப்படியென்றால் நிறம் நீருக்குள்ளேயே இருந்துதான் வருகிறது. நீர் சிவப்பை விழுங்கிவிடுகிறது, நீலத்தைச் சிதறவிடுகிறது. அந்தக் கப்பல் தளத்துச் சிந்தனையிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சிதான் 1928இல் இராமன் விளைவாகி, 1930இல் நோபல் பரிசாக வந்தது. கடல் பார்க்கிறது வேலையில்லாதவன் வேலை என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

இறங்கி வந்து உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வீதியால் மெதுவாகப் போங்கள். காலைக் கடல் அமைதியாக இருக்கிற மாதங்களில் கரைவலை இழுப்பது தெரியும். இதைப் பஸ்ஸுக்குள் இருந்து பார்க்கக்கூடாது, இறங்கவேண்டும். அதிகாலையில் வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு கயிறும் கரைக்கு வந்திருக்கும். ஒன்று இங்கே, மற்றது முந்நூறு நானூறு அடி தள்ளி அங்கே. ஒவ்வொரு கயிற்றிலும் பதினைந்து இருபது பேர் கடலைப் பார்த்தபடி, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடப்பார்கள். பின்னால் போய் முடிகிறவர் கயிற்றை விட்டுவிட்டு ஓடிவந்து முன்னால் நீருக்குள் நின்று பிடிப்பார். முதுகில் வியர்வை காய்ந்து உப்புப் படிந்திருக்கும். வேகம் குறைகிற நேரத்தில் ஒருவர் அம்பா பாடலின் அடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் ஏலேலோ போடுவார்கள். இரண்டு கயிற்றுக்காரரும் மெல்ல மெல்ல நெருங்கி வருவார்கள். கடைசியில் மடி கரையேறும். அதற்குள் என்ன இருக்கிறது என்பது அந்த நிமிடம்வரை சம்மாட்டிக்கும் தெரியாது. சில நாள் கீரி மீனும் சூடையும் மின்னிக்கொண்டு குவியும்; சில நாள் சொறிமுட்டையும் பொலித்தீன் பையும். இப்போது சில இடங்களில் உழவு இயந்திரத்தைக் கட்டி இழுக்கிறார்கள். அதைப் பற்றிய சண்டை தனிக்கதை, இன்னொரு இதழில் எழுதுகிறோம். கையால் இழுக்கிற கரையாகப் பார்த்து நிற்பாட்டுங்கள். பிள்ளைகளையும் கயிற்றில் கை வைக்க விடுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஒரு நாள் பயணக்காரருக்கு இது போதும். மதியச் சாப்பாடு, கொஞ்சம் மணல், பிறகு திரும்பிவிடுங்கள். ஒரே நாளில் கன்னியா வெந்நீரூற்று, புறாமலை, துறைமுகம், மூன்று கோயில், ஒரு கடைத்தெரு என்று பட்டியல் போடுகிற சுற்றுலாக்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது. பிள்ளைகள் எதையும் பார்ப்பதில்லை. எண்ணிக்கையை வீட்டில் போய்ச் சொல்கிறார்கள். பஸ்ஸில் காதைப் பிளக்கிற பாட்டையும் கடல் தெரிகிற அரை மணித்தியாலமாவது நிற்பாட்டச் சொல்லுங்கள்.

இரண்டு நாள் கிடைக்கிறவர்களுக்கு, குடும்பமாக வான் பிடித்துப் போகிறவர்களுக்கு, ஏ15. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்கு. தெற்கு நோக்கிப் போகும்போது கடல் இடது பக்கம், யன்னலோரச் சண்டையை முன்கூட்டியே தீர்த்துவைத்துவிடுங்கள். ஆனால் ஒன்று: முழுத் தூரமும் கடலோரமாகவே ஓடுகிற பாதை இல்லை இது. கடலும் பாதையும் ஒளித்துப் பிடித்து விளையாடிக்கொண்டே போகும். வயல், பற்றைக்காடு, களப்பு, திடீரென்று கடல், திரும்பவும் காடு. எனக்கு அதுதான் பிடிக்கும். எந்நேரமும் தெரிகிற கடல் அரை மணித்தியாலத்தில் சலித்துவிடும்.

முன்பு இந்தப் பாதையில் துறைக்குத் துறை இறங்கவேண்டும். 'பாதை' என்று கிழக்கில் சொல்கிற அந்த மிதவையில் பஸ்ஸையும் ஆளையும் ஆட்டையும் ஏற்றி அக்கரைக்குத் தள்ளுவார்கள். காத்திருக்கிற நேரத்தில் ஒரு பிளேன்டீயும் இரண்டு ஊர்க்கதையும் முடியும். பிறகு யுத்தம் வந்து பாதையே இல்லாமல் போனது. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். ஓரிரு வருடங்களில் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்தன. கிண்ணியாப் பாலத்தில் மாலையில் மெதுவாகப் போனால் ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. பாலத்துக் கம்பியில் சாய்ந்து தூண்டில் போடுகிற பையன்கள்.

கங்கைப் பாலத்தில் மாத்தளைக்காரர் கட்டாயம் ஒரு தடவை வேகத்தைக் குறைக்கவேண்டும். அங்கே கடலில் கலக்கிறது மகாவலி. உங்கள் வீட்டுப் பக்கத்து நீரும் அதற்குள் இருக்கிறது. மாத்தளை நகரத்தைத் தொட்டு ஓடுகிற சுது கங்கை அம்பன் கங்கையில் சேர்கிறது. பொல்கொல்லையில் மறித்த மகாவலி நீரில் ஒரு பங்கும் மலையைக் குடைந்த சுரங்கத்தால் உக்குவளைக்கு வந்து அதே வழியில் இறங்குகிறது. போவத்தென்ன தாண்டி, அம்பன் கங்கையாக ஓடி, மகாவலியோடு சேர்ந்து, கடைசியில் இந்தக் கொட்டியாரக் குடா. நீங்கள் நான்கு மணித்தியாலத்தில் வந்த தூரத்தை அது வயலுக்கும் வாய்க்காலுக்கும் பிரிந்து பிரிந்து, எப்போதோ வந்து சேர்கிறது.

இதே குடாவில்தான் 1660இல் ஆன் என்ற ஆங்கிலக் கப்பல், புயலில் பாய்மரம் ஒடிந்து திருத்தவேண்டி வந்து ஒதுங்கியது. கப்பல் தலைவனையும் அவன் மகன் றொபேட் நொக்ஸையும் மற்றக் கப்பற்காரரையும் கண்டி அரசனின் ஆட்கள் பிடித்து உள்நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்தார். மகனுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை. மலைநாட்டில் ஏறத்தாழ இருபது வருடம். சிறைக்கூடம் இல்லை, விலங்கு இல்லை. வீடு கட்டலாம், தொப்பி பின்னி விற்கலாம், நெல்லை வட்டிக்குக் கொடுக்கலாம். கடலுக்கு மட்டும் போகக்கூடாது. வியாபாரி வேடத்தில் வடக்கே வடக்கே போய், காடு பழகி, கடைசியில் ஒரு துணையோடு அநுராதபுரம் தாண்டி அருவி ஆற்றங்கரையைப் பிடித்து நடந்து, 1679 ஒக்டோபரில் மன்னாருக்குத் தெற்கே அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தான். அவன் எழுதிய புத்தகம் 1681இல் இலண்டனில் அச்சானது. அந்தக் காலத்து மலைநாட்டுச் சோறும் வயலும் வழக்கும் நமக்கு இன்று தெரிவது பெரும்பாலும் அதனால்தான். ஒரு மாலுமி கடலைப் பார்க்க இருபது வருடம் வழி தேடியிருக்கிறான். நமக்கு ஏ6இல் நான்கு மணித்தியாலம்.

வெருகல், கதிரவெளி, வாகரை தாண்டிப் பனிச்சங்கேணிப் பாலத்தில் கடலும் களப்பும் கைக்கெட்டுகிற தூரத்தில் வரும். காயான்கேணியில் கரைக்கு இறங்கலாம். இறங்கும்போது ஒரு வார்த்தை. உள்நாட்டுப் பிள்ளைகள் ஆற்றில் நீந்தப் பழகியிருந்தாலும் கடல் வேறு. அலை கரைக்கு வருவது தெரியும். அதே நீர் ஓரிடத்தில் ஒன்றுசேர்ந்து வேகமாகத் திரும்பி உள்ளே போவது தெரியாது. அமைதியாகத் தெரிகிற இடமாகப் பார்த்துப் பிள்ளை இறங்கும், அதுதான் இழுக்கிற இடமாக இருக்கும். ஊர் மீனவரைக் கேட்காமல், காவலர் இல்லாத கரையில், முழங்காலுக்கு மேல் நீர் வேண்டாம். சுற்றுலா போன பிள்ளைகள் என்று தொடங்குகிற பத்திரிகைச் செய்திகளை நான் எடிட் பண்ணியிருக்கிறேன். கை நடுங்கும்.

2004 டிசெம்பர் 26 சுனாமியையும் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். இந்தக் கிழக்குக் கரை முழுவதும், தெற்கும், வடக்கில் முல்லைத்தீவும். நாடெங்கும் 30,000க்கு மேற்பட்ட உயிர்கள். தெற்கில் பெரலியவில் கடலோரத் தண்டவாளத்தில் நின்ற ரயிலையே அலை புரட்டிப்போட்டது. அதில் மட்டும் ஆயிரத்துக்கு மேல். வீதியோரத்தில், ஓடுகிற மனிதனும் அலையும் வரைந்த நீலப் பலகைகள் நிற்கும். அதைக் காட்டி, பூமி ஆடினாலோ கடல் திடீரென்று உள்வாங்கினாலோ மீன் பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஓடவேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். அன்றைக்கு அந்த ஒரு செய்தி தெரியாமல் போனவர்கள் எத்தனையோ பேர்.

மற்றப் பாதைகளையும் கேட்பீர்கள். கொழும்பு–காலி வீதியில் கடல் தெரிகிறது, ஆனால் ஹோட்டல் மதிலுக்கும் ஹோட்டல் மதிலுக்கும் நடுவே. அங்கே பாதையைவிட ரயில் நல்லது; கொள்ளுப்பிட்டியில் தொடங்கிப் பாணந்துறைவரை அலைத்துளி யன்னலுக்குள் வரும், வெள்ளவத்தை வாசகர்கள் அதை அலுவலகம் போகும்போதே அனுபவிக்கிறார்கள், ஆனாலும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதை நேரத்தை மிச்சம்பிடித்தது, கடலை எடுத்துக்கொண்டது. அதில் காலிக்குப் போய்வருகிற பிள்ளை றப்பர் தோட்டம்தான் பார்க்கிறது. வடக்கில் தொண்டைமானாறு, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை வீதி கடலை உரசிக்கொண்டே போகும்; கடல் அங்கே குளம் மாதிரி. காங்கேசன்துறைப் பக்கம் பல வருடம் முள்வேலிக்குப் பின்னால் இருந்தது, மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் மக்கள் கைக்குத் திரும்பியது. தமிழ்நாட்டில் சென்னையிலிருந்து போகிற கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பெயரை நம்பிப் போகாதீர்கள். முட்டுக்காட்டுக் கழிமுகம் வரும்வரை மாளிகை மதில்தான் பார்க்கலாம். மெல்பேண் வாசகர்களுக்குத் தெரிந்த பெருங்கடல் வீதி வேறு இனம். முதலாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் பிக்காசும் கொண்டு மலையை வெட்டிப் போட்ட வீதி அது. திரும்பி வராத தோழர்களுக்கு நினைவுச் சின்னமாக 243 கிலோமீட்டர். உலகத்திலேயே மிகப் பெரிய போர் நினைவுச் சின்னம் என்று சொல்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒரு வீதி இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பல்லேபொலவுக்குப் பக்கத்தால் போகிற ஏ9தான் அதன் கடைசிப் பகுதி. 1820களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்குப் பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள் தமிழ்நாட்டுக் கரையில் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, அங்கிருந்து மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று காட்டுக்குள்ளால் நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்களைப் புதைக்கவும் நேரமில்லை. மலையிலேயே தங்கிவிட்டவர்கள் கடலைப் பார்த்தது பெரும்பாலும் அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு தேயிலையும் மூடுபனியும். பேரப்பிள்ளைகள் திரும்பவும் அதைப் பார்த்தது பெரும்பாலும் 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுக்கவேண்டும் என்று பங்கு பிரித்தார்கள். மலைநாட்டு ஸ்டேசன்களில் அழுகுரலோடு புறப்பட்ட ரயில், தலைமன்னாரில் இராமானுஜம் கப்பல், அக்கரையில் இராமேஸ்வரம். ரயில் யன்னலால் கடல் தெரிந்தபோது அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாவது சந்தோசமாகக் கத்தியிருப்பாளா? கத்தியிருப்பாள். பிள்ளைதானே. பக்கத்தில் இருந்த தாய்க்குத்தான் அது தாங்கமுடியாமல் இருந்திருக்கும்.

2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் என்று, பலர் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியால் நடந்து வந்தார்கள். ஜூலை 28இல் வெளிக்கிட்டு ஓகஸ்ட் 12இல் வந்து சேர்ந்தார்கள், சுமார் 250 கிலோமீட்டர். நாவுலையில் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குள்ளும் இருப்பீர்கள்.

ஆகவே பெரிய வகுப்புப் பிள்ளைகளை, க.பொ.த. சாதாரண தரம் எழுதி முடித்தவர்களை, அந்த வழியால் தலைகீழாகக் கூட்டிப்போகச் சொல்கிறேன். மாத்தளை மாவட்டத்திலிருந்து ஏ9, மதவாச்சியில் இடப்பக்கம் திரும்பினால் ஏ14, முருங்கன், மன்னார்ப் பாலம், பேசாலை, தலைமன்னார். அழகு என்று பார்த்தால் திருகோணமலையின் கால் பங்குகூட இல்லை. தட்டை நிலம், வெயில், உப்புக்காற்றில் சாய்ந்த உடைமரம், பனை. தீவுக்குப் போகிற தாம்போதியில் ஏறியதும் இரண்டு பக்கமும் கணுக்கால் நீராகக் கடல். வாடைக்காலத்தில் போனால் அதில் பூநாரைகள் நிற்கும். 2020இலிருந்து கரையோரம் முப்பது காற்றாலைகள் சுற்றுகின்றன. தலைமன்னாரில் பழைய இறங்குதுறை துருப்பிடித்து நிற்கிறது. அதற்கப்பால் மணல்திட்டுகள், அதற்கப்பால் முப்பது கிலோமீட்டரில் தனுஷ்கோடி. அங்கேயும் 2017இல் அரிச்சல்முனைவரை தார்வீதி போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்கி இந்தப் பக்கத்தைத் தேடுகிறார்கள்.

இனி இதழ் விசயம். அடுத்த மாதம் நடுப்பக்கம் இரண்டையும் வாசகர்களுக்கே விடுகிறோம். நீங்கள் முதன்முதலாகக் கடலைக் கண்டது எந்தப் பாதையில், யாருடைய பக்கத்தில் இருந்து என்று எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கவிதையாக எழுதுகிறவர்கள் தயவுசெய்து அரைப் பக்கத்தில் நிற்பாட்டுங்கள். 15ஆம் திகதிக்குள் தபாலில் சேர்த்துவிடுங்கள். பல்லேபொல ஆசிரியைக்கு ஒரு வேண்டுகோள்: திரும்பி வந்த அடுத்த நாள் பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லி அனுப்பிவையுங்கள், நல்லதைப் பொறுக்கி எடுக்காமல் எல்லாவற்றையும். நீலக் கலர்ப் பென்சிலைத் தேய்க்கவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நடுப்பக்கத்தை இன்னமும் கறுப்பு வெள்ளையில்தான் அச்சடிக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்